பால் ஒத்துக்கலைன்னா அது குறையா? பால் சர்க்கரையைப் பற்றித் தெரிந்துகொள்வோம்



நம் பகுதியில் மாட்டுக்கும் நமக்கும் பழைய உறவு. ஓசூர் பக்கத்தில் மத்திகிரியில் உள்ள அரசு கால்நடைப் பண்ணை 1824-இல் தொடங்கியது. 1989-இல் ஐ.எஃப்.ஏ.டி. உதவியோடு மகளிர் சுய உதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் முதலில் தொடங்கியதும் அன்றைய தர்மபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி அப்போது அதற்குள்தான் இருந்தது. 2004-இல்தான் தனி மாவட்டம் ஆனது. அன்று முதல் இன்று வரை குழுக் கடன் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கறவை மாடு. விடிகாலையில் கறந்து, கேனைத் தூக்கிக்கிட்டு சொசைட்டிக்கு ஓடுவதில்தான் நம் நாளே தொடங்குகிறது.

இப்படிப் பாலோடு வாழ்கிற நமக்குள்ளேயே, பால் குடித்தால் வயிறு ஒத்துக்கொள்ளாத பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சூளகிரி, கெலமங்கலம், தளி என்று எந்தப் பக்கம் கூட்டத்துக்குப் போனாலும் இந்தப் பேச்சு வருகிறது. ஆனால் கூட்டம் முடிந்த பிறகு, தனியாகக் கூப்பிட்டு, மெதுவாகத்தான் சொல்கிறார்கள்.

"மாசமா இருக்கேன். மாமியார் தினமும் ஒரு சொம்பு பால் குடுக்கறாங்க. குடிச்சா வயிறு கடமுடங்குது. குடிக்கலைன்னா புள்ளைக்கு ஆகாதுன்னு திட்டறாங்க." இது ஒரு குரல்.

"காலையில ஆறு மணிக்கு கம்பெனி பஸ். பால் குடிச்சிட்டு ஏறினா வழியிலேயே வயித்தைக் கலக்குது. லைன்ல நின்னுட்டா நினைச்ச நேரத்துக்கு பாத்ரூம் போக முடியாது. அதனால வெறும் வயித்தோட போயிடறேன்." இது இன்னொரு குரல்.

"குழந்தைக்கு வயித்தால போகுது. பால்தான் ஆகலைன்னு பக்கத்து வீட்டில சொன்னாங்க. தாய்ப்பாலையும் நிறுத்திட்டேன்." இது எல்லாவற்றையும்விட எங்களைப் பயமுறுத்துகிற குரல்.

மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம். அதைச் சரியாகப் புரிந்துகொண்டால் திட்டு வாங்கவும் வேண்டாம், பட்டினி கிடக்கவும் வேண்டாம், குழந்தையை ஆபத்தில் தள்ளவும் வேண்டாம். அதற்காகத்தான் இந்த மாதம் இந்தக் கட்டுரை.

பாலுக்குள் ஒரு சர்க்கரை

சொசைட்டியில் பால் ஊற்றும்போது கொழுப்பு எவ்வளவு, எஸ்.என்.எஃப். எவ்வளவு என்று சோதித்துத்தான் விலை போடுகிறார்கள். எஸ்.என்.எஃப். என்றால், பாலில் தண்ணீரையும் கொழுப்பையும் கழித்த பிறகு மிஞ்சுகிற சத்துகள். பசும்பாலில் இது ஏறக்குறைய எட்டரை சதவீதம் இருக்கும். அதில் பாதிக்கு மேல் ஒரே ஒரு பொருள்தான். அதன் பெயர் லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை. நாம் டீயில் போடுகிற சர்க்கரை அல்ல இது. பாலில் தானாகவே இருப்பது. 200 மில்லி டம்ளர் பாலில் இது 9 முதல் 10 கிராம் வரை இருக்கும்.

இந்தச் சர்க்கரை அப்படியே ரத்தத்தில் சேராது. சிறுகுடலில் லாக்டேஸ் என்று ஒரு நொதி சுரக்கிறது. அது கத்தரிக்கோல் மாதிரி. பால் சர்க்கரையை இரண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தால்தான் உடம்பு எடுத்துக்கொள்ளும். பிறந்த குழந்தைக்கு இந்த நொதி நிறையச் சுரக்கும், ஏனென்றால் அதற்குப் பால் மட்டும்தான் சாப்பாடு. தாய்ப்பால் மறந்து, சோறு களி என்று சாப்பிட ஆரம்பித்த பிறகு பெரும்பாலான மனிதர்களுக்கு இந்தச் சுரப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது.

குறைந்து போனால் என்ன ஆகும்? வெட்டுப்படாத பால் சர்க்கரை சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போய்விடும். அங்கே இருக்கிற நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைக்கும். தோசை மாவு புளித்துப் பொங்குகிற மாதிரிதான். அதனால் வாயு உண்டாகும். அந்தச் சர்க்கரை தண்ணீரையும் குடலுக்குள் இழுக்கும். இதனால்தான் வயிறு உப்புசம், கடமுடச் சத்தம், வலி, வாயு, பேதி எல்லாம். பால் குடித்த அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் பொதுவாக இது தெரிந்துவிடும். சிலருக்கு இன்னும் கொஞ்சம் நேரமாகலாம்.

இது தொற்று நோய் அல்ல. குடலில் புண் வந்துவிட்டது என்பதும் இல்லை. "பணக்கார வியாதி"யும் இல்லை, சாக்கும் இல்லை. உடம்பின் அமைப்பு அப்படி, அவ்வளவுதான்.

நாம் தனி ஆள் இல்லை

உலகத்துப் பெரியவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு வயது வந்த பிறகு பால் சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைந்துதான் இருக்கிறது. சீனா, ஜப்பான் பக்கம் பெரும்பாலானவர்களுக்கு இப்படி. வட ஐரோப்பாவில்தான் பெரும்பாலானவர்கள் வயதான பிறகும் டம்ளர் டம்ளராகப் பால் குடித்துச் செரிப்பார்கள்.

நம் நாட்டிலும் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். 1981-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் டெல்லியிலும், தெற்கே ஐதராபாத், பாண்டிச்சேரியிலும் நல்ல ஆரோக்கியமாக இருந்தவர்களைச் சோதித்துப் பார்த்தார்கள். டெல்லியில் 100-க்கு 27 பேருக்குத்தான் பால் சர்க்கரை ஒத்துக்கொள்ளவில்லை. தெற்கில் 100-க்கு ஏறக்குறைய 67 பேருக்கு ஒத்துக்கொள்ளவில்லை! காலங்காலமாக மாடு எருமை மேய்த்துப் பாலையே முக்கிய உணவாகக் கொண்ட சமூகங்களில் பெரியவர்களுக்கும் இந்த நொதி தொடர்ந்து சுரக்கும் தன்மை அதிகம். நீலகிரியில் எருமை வளர்க்கும் தோடர்கள் இதற்கு நல்ல உதாரணம். பாட்டன் பாட்டி காலத்திலிருந்து ரத்தத்தில் வருகிற தன்மை இது.

ஆகவே "எங்க வீட்டில எல்லாரும் குடிக்கறோம், உனக்கு மட்டும் என்ன?" என்று மருமகளைக் கேட்பது சரியில்லை. அவள் வேறு வீட்டு ரத்தம். அவள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், "எனக்கும் அப்படித்தான்" என்று சொன்னாலும் சொல்வார்.

அப்படின்னா பாலே வேண்டாமா?

இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். செரிக்கும் திறன் குறைவு என்பது வேறு, ஒரு சொட்டும் ஆகாது என்பது வேறு. சோதனை செய்யும்போது ஒரே நேரத்தில் நிறையப் பால் சர்க்கரையைக் கொடுத்துப் பார்ப்பார்கள். வீட்டில் நாம் அப்படிக் குடிப்பதில்லை. இந்தக் குறை இருப்பவர்களிலும் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு ஒரு டம்ளர் வரை பெரிய தொந்தரவு இல்லாமல் தாங்குவார்கள். சிலர் அரை டம்ளர்தான் தாங்குவார்கள். ஒவ்வொரு உடம்புக்கும் ஒரு அளவு இருக்கிறது. அந்த அளவைக் கண்டுபிடிப்பதுதான் முக்கியம்.

சில எளிய வழிகள்:

• வெறும் வயிற்றில் பால் குடிக்க வேண்டாம். களியோ இட்லியோ சாப்பிட்ட பிறகு குடித்தால் பால் குடலுக்குள் மெதுவாக இறங்கும், தொந்தரவு குறையும்.

• ஒரு சொம்பை ஒரே மூச்சில் குடிப்பதைவிட, அரை அரை டம்ளராக இரண்டு மூன்று வேளை குடிக்கலாம்.

• டீ, காபியில் சேர்கிற பால் கொஞ்சம்தான். அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது.

• பால்கோவா, பால் பவுடர், ஐஸ்கிரீம் விஷயத்தில் கவனம். பாலைச் சுண்டக் காய்ச்சினால் பால் சர்க்கரையும் சேர்ந்து கெட்டியாகும். கொழுப்பு நீக்கிய பால் பவுடரில் பாதிக்குப் பாதி பால் சர்க்கரைதான்.

தயிர், மோர், நெய்

நம் பாட்டிமார்களுக்கு லாக்டோஸ் என்ற பெயர் தெரியாது. ஆனால் பாலை உறை ஊற்றிச் சாப்பிடத் தெரிந்திருந்தது. பால் தயிராகும்போது அதிலிருக்கிற நுண்ணுயிர்கள் பால் சர்க்கரையில் ஒரு பகுதியைத் தின்று புளிப்பாக மாற்றிவிடும். மிச்சமிருக்கும் சர்க்கரையைக் குடலுக்குள் வெட்டுவதற்கும் அதே நுண்ணுயிர்கள் உதவும். அதனால்தான் பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்கிறது. சுண்ணாம்புச் சத்தும் புரதமும் பாலில் இருக்கிற மாதிரியே தயிரிலும் இருக்கும். மோரில் தண்ணீர் சேர்வதால் சத்தும் அந்த அளவு குறையும். ஆகவே கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் கெட்டித் தயிராகக் கொடுங்கள்.

நெய்யில் பால் சர்க்கரை இல்லை என்றே சொல்லலாம். பன்னீர் செய்யும்போது பெரும்பகுதி பால் சர்க்கரை திரிந்த தண்ணீரோடு போய்விடும், அதனால் பன்னீரும் பலருக்கு ஒத்துக்கொள்ளும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரிய ஆஸ்பத்திரிகளில் மூச்சை ஊதச் சொல்லிச் செய்கிற சோதனை இருக்கிறது. ஆனால் எல்லாரும் அதற்கு அலைய வேண்டியதில்லை. வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு வாரம் பாலையும் பால் இனிப்புகளையும் நிறுத்துங்கள். வயிறு எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். பிறகு ஒரு நாள் ஒரு டம்ளர் பால் குடித்துப் பாருங்கள். நிறுத்தியபோது தொந்தரவு போய், மறுபடி குடித்ததும் வந்தால், பால் சர்க்கரைதான் காரணமாக இருக்கலாம். பிறகு கால் டம்ளர், அரை டம்ளர் என்று கூட்டிப் பார்த்து உங்கள் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் எல்லா வயிற்றுக் கோளாறையும் பால் தலையில் போட்டுவிடாதீர்கள். மலத்தில் ரத்தம், காய்ச்சல், எடை குறைவது, தூக்கத்தில் எழுப்புகிற பேதி, பாலை நிறுத்தியும் நிற்காத தொந்தரவு, ரத்தசோகை, இவற்றில் எது இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். பூச்சி, கிருமி, வேறு குடல் நோய் என்று எதுவாகவும் இருக்கலாம்.

இன்னொன்று. ஒத்துக்கொள்ளாமை வேறு, ஒவ்வாமை வேறு. பாலில் உள்ள புரதம் ஆகாமல் உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, முகம் வீங்குவது, மூச்சுத் திணறல் என்று வந்தால் அது ஒவ்வாமை, அதாவது அலர்ஜி. இது பெரும்பாலும் சின்னக் குழந்தைகளுக்கு வரும். இவர்களுக்குத் தயிர், பன்னீர்கூடக் கொடுக்கக் கூடாது. மூச்சுத் திணறினால் உடனே 108-ஐ அழையுங்கள். "அளவைக் கூட்டிப் பார்க்கலாம்" என்று மேலே சொன்னது இவர்களுக்குப் பொருந்தாது.

பாலை விட்டால் அந்தச் சத்துக்கு எங்கே போவது?

பாலில் மூன்று முக்கியமான சத்துகள் இருக்கின்றன. எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்), உடம்பு வளரப் புரதம், ரத்தத்துக்கும் நரம்புக்கும் பி12 வைட்டமின். பாலை நிறுத்திவிட்டு இவற்றுக்கு வழி செய்யாமல் விட்டால் நாற்பது ஐம்பது வயதில் இடுப்பும் முழங்காலும் பதில் சொல்லும்.

வயது வந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று 2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லியிருக்கிறது. பாலூட்டும் தாய்க்கு 1200. இப்போது நம் சமையலறையைப் பார்ப்போம். 100 கிராமில் ஏறக்குறைய எவ்வளவு கால்சியம்?

• பசும்பால்: 120 மில்லிகிராம்
• கொள்ளு: 270
• முருங்கைக் கீரை: 310
• தண்டுக்கீரை: 330
• ராகி: 360
• அகத்திக் கீரை: 900
• எள்: 1200-க்கு மேல்

பார்த்தீர்களா? நம்ம ராகியில் அதே எடைப் பாலைப் போல மூன்று மடங்கு இருக்கிறது! அரிசி வந்த பிறகு "களி ஏழைச் சாப்பாடு" என்று ஒதுக்கினோமே, அதில்தான் இவ்வளவும். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆனேக்கல், அத்திப்பள்ளியில் நம் சொந்தக்காரர்கள் இன்னும் முத்தையை விடவில்லை. கர்நாடக அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும் க்ஷீர பாக்யா திட்டத்தை 2013-இல் தொடங்கியது. 2024-இல் அந்தப் பாலோடு ராகி மால்ட்டும் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் ஒரு உண்மையையும் சொல்ல வேண்டும். ராகியிலும் கீரையிலும் இருக்கிற கால்சியம் முழுவதும் உடம்பில் சேராது. பாலில் இருப்பதுதான் சுலபமாகச் சேரும். ராகியை முளைகட்டினால், அல்லது கூழாகப் புளிக்க வைத்தால், இது கொஞ்சம் சரியாகும். அதனால் ஒரே பொருளை நம்பாமல் தினமும் ஒரு வேளை களி அல்லது கூழ், ஒரு கீரை, வாரத்தில் இரண்டு மூன்று நாள் எள்ளுருண்டை, கொள்ளு ரசம் என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள். கால்சியம் எலும்பில் சேர வெயிலும் வேண்டும். நாள் முழுக்கக் கம்பெனிக்குள்ளேயே இருக்கிற பிள்ளைகள் லீவு நாளிலாவது கை கால் முகத்தில் வெயில் படும்படி இருக்கணும்.

பி12 கீரையிலும் தானியத்திலும் கிடைக்காது. முட்டை, மீன், கருவாடு, கறி, ஈரல் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலை இல்லை. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் தயிரை விடவே கூடாது. தயிரும் ஆகவில்லை என்றால் டாக்டரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும்.

சோயா பால், தேங்காய்ப் பால், ராகிப் பால்

ஓசூர் சூப்பர் மார்க்கெட்டுகளில் இப்போது சோயா, பாதாம், ஓட்ஸ் என்று அட்டைப் பெட்டிகளில் "பால்" வந்துவிட்டது. இவற்றில் பால் சர்க்கரை கிடையாது, உண்மைதான். ஆனால் பெயரில் பால் என்று இருந்தால் பாலின் சத்தும் இருக்கும் என்று அர்த்தமில்லை. புரதத்தில் மாட்டுப் பாலுக்குப் பக்கத்தில் வருவது சோயா பால்தான். பாதாம் பாலில் புரதம் மிகக் குறைவு. தேங்காய்ப் பாலில் கொழுப்பு அதிகம், கால்சியம் குறைவு. பெட்டியில் கால்சியம் சேர்த்திருக்கிறதா, சர்க்கரை எவ்வளவு என்று பின்பக்கம் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

பால் சர்க்கரையை நீக்கிய மாட்டுப் பாலும் கடையில் கிடைக்கிறது. லாக்டேஸ் நொதியைப் பாலிலேயே சேர்த்து, சர்க்கரையை முன்கூட்டியே வெட்டி வைத்திருப்பார்கள். அதனால் கொஞ்சம் இனிக்கும். சத்து குறையாது, விலைதான் அதிகம். சர்க்கரை வியாதிக்காரர்கள் இதைச் "சர்க்கரை இல்லாத பால்" என்று நினைத்துவிடக் கூடாது.

நம் வீட்டிலேயே செய்யக்கூடியது ராகிப் பால். முளைகட்டிய ராகியை அரைத்து, வடிகட்டி, வெல்லம் போட்டுக் கைவிடாமல் கிண்டிக் காய்ச்சினால் போதும். சோயா பால் செய்வதானால் பயறை இரவு ஊறவைத்து, தோல் நீக்கி அரைத்து வடிகட்டி, குறைந்தது இருபது நிமிடம் நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும். பச்சைச் சோயா செரிக்காது.

குழந்தை விஷயத்தில் தவறு நடக்கக் கூடாது

கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீர்கள்.

பிறவியிலேயே பால் சர்க்கரை செரிக்காத குழந்தை மிக மிக அபூர்வம். தாய்ப்பாலில் மாட்டுப் பாலைவிட அதிகமாகவே பால் சர்க்கரை இருக்கிறது, அதைச் செரிக்கிற திறனோடுதான் குழந்தை பிறக்கிறது. ஆகவே தாய்க்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் குழந்தைக்குத் தாய்ப்பால் ஆகாது என்று நினைப்பது தவறு.

குழந்தைக்குப் பேதி கண்டால் குடலின் உள்தோல் பாதிக்கப்பட்டு, சில நாளைக்கு லாக்டேஸ் சுரப்பு குறையலாம். இது தற்காலிகம். குடல் ஆறினதும் சரியாகிவிடும். இதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. பேதியில் குழந்தையின் உயிருக்கு ஆபத்து வருவது தண்ணீர்ச் சத்து வற்றுவதால்தான். தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். துத்தநாக (ஜிங்க்) மாத்திரையைப் பேதி நின்றாலும் 14 நாள் முழுவதும் கொடுக்க வேண்டும். இவை அங்கன்வாடியிலும் சுகாதார நிலையத்திலும் இலவசம். சாப்பிடுகிற வயதுக் குழந்தைக்குத் தயிர் சோறு, ராகிக் கூழ் கொடுங்கள். பட்டினி போடாதீர்கள். கண் குழிவிழுந்தால், மூத்திரம் போகாவிட்டால், ரத்தம் போனால், குழந்தை துவண்டு கிடந்தால், உடனே ஆஸ்பத்திரி!

ஒரு வயது ஆகாத குழந்தைக்கு ராகிப் பாலோ, சோயா பாலோ, தேங்காய்ப் பாலோ தாய்ப்பாலுக்கு ஈடாகாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதற்குப் பிறகு தாய்ப்பாலோடு ராகிக் கூழ், பருப்பு, கீரை மசியல், முட்டை.

மாசமா இருக்கிற பெண்ணுக்கு

பால் குடித்தால்தான் குழந்தை நன்றாகப் பிறக்கும் என்று எந்த டாக்டரும் சட்டம் போடவில்லை. வேண்டியது சத்து. அது தயிரில் இருந்து வரலாம், களி, கீரை, முட்டை, எள்ளில் இருந்தும் வரலாம். அதோடு, நாலாவது மாதத்திலிருந்து சுகாதார நிலையத்தில் கொடுக்கிற கால்சியம் மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். அதையும் இரும்புச் சத்து மாத்திரையையும் ஒன்றாக விழுங்கக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஒன்றாகப் போட்டால் இரும்புச் சத்து சரியாகச் சேராது. மாமியார்களாக இருக்கிற சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: சொம்புப் பாலை வற்புறுத்துவதற்குப் பதில் ஒரு கிண்ணம் தயிர் கொடுங்கள். உங்கள் அக்கறையும் போய்ச் சேரும், பிள்ளையின் வயிறும் கேட்கும்.

ஷிப்டுக்குப் போகிற பிள்ளைகளுக்கு

வெறும் வயிற்றோடு பஸ் ஏறுவது இதற்கு மருந்தில்லை. காலை ஷிப்டு நாளில் பாலை விட்டுவிட்டு, கூழும் மோரும், அல்லது களியும் முட்டையும் சாப்பிட்டுப் போகலாம். பால் வேண்டும் என்றால் வேலை முடிந்து வந்து, சாப்பிட்ட பிறகு குடிக்கலாம். ஹாஸ்டலில் தங்கியிருக்கிறவர்கள் தினமும் ஒரு கப் தயிரும் ஒரு எள்ளுருண்டையும் வாங்கிக்கொள்வது பெரிய செலவில்லை.

கூட்டங்களில் கேட்ட கேள்விகள்

*நாட்டு மாட்டுப் பால் குடித்தால் ஒத்துக்குமா?*
நாட்டு மாடு, ஜெர்சி, எச்.எஃப்., எருமை, ஆடு எதுவானாலும் பாலில் பால் சர்க்கரை இருக்கும். அளவில் சின்ன வித்தியாசம்தான்.

*நன்றாகக் காய்ச்சினால் போகுமா?*
போகாது. காய்ச்சுவது கிருமிக்காக. அதை அவசியம் செய்ய வேண்டும். பால் சர்க்கரை கொதிப்பில் அழியாது.

*தண்ணீர் கலந்தால்?*
பால் சர்க்கரை குறைந்த அளவுக்குச் சத்தும் குறையும். அதற்குக் கெட்டிப் பாலையே அரை டம்ளர் குடிக்கலாம்.

*எனக்குப் பால் ஆகாது. கறவை மாட்டுக் கடன் வாங்கலாமா?*
தாராளமாக வாங்கலாம்! உங்கள் வயிற்றுக்கும் உங்கள் தொழிலுக்கும் சம்பந்தமில்லை.

கேனில் ஊற்றுவதற்கு முன்னால்

கடைசியாக ஒன்று. எங்களுக்குக் கவலை தருவது பால் ஒத்துக்கொள்ளாதது மட்டுமில்லை. பால் இருந்தும் வீட்டில் தங்காததுதான் பெரிய கவலை. கடன் தவணை, தீவனக் கணக்கு என்று கறந்த பால் அத்தனையும் சொசைட்டிக்குப் போகிறது. வீட்டுக்கு மிஞ்சினால் முதலில் ஆம்பளைங்க டீக்கு, பிறகு பையனுக்கு. மாட்டுக்குத் தண்ணி காட்டி, சாணி அள்ளி, பால் கறக்கிற நாம் கடைசியில் வெறும் டிக்காஷன் குடிக்கிறோம். கேட்டால் "எனக்குப் பால் ஆகாது" என்கிறோம். சிலருக்கு அது உண்மை. சிலருக்கு அது பழகிப்போன விட்டுக்கொடுப்பு. எது என்று அவரவர் மனதுக்குத் தெரியும்.

ஒரு நாளைக்கு அரை லிட்டர் என்றால் மாதம் 15 லிட்டர். உங்கள் சொசைட்டி விலையால் பெருக்கிப் பாருங்கள். பிறகு, ஒரு முறை கால் வலிக்கோ ரத்தசோகைக்கோ தனியார் டாக்டரிடம் போனால் ஆகிற செலவையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அந்த அரை லிட்டரை உறை ஊற்றினால் வீட்டில் நாலு பேருக்குத் தயிர். பால் ஒத்துக்கொள்ளாதவருக்கும் அதில் பங்கு உண்டு.

வருகிற குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கு முடிந்த பிறகு பத்து நிமிடம் ஒதுக்கி, ஊக்குநரோ பிரதிநிதியோ இதை வாசித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாத அக்காமார்களும் பேசட்டும். இந்த மூன்றையும் கேளுங்கள்: நம் குழுவில் பால் ஒத்துக்கொள்ளாதவர் யார் யார்? அவர்கள் வீட்டில் தயிர், ராகி, கீரை இருக்கிறதா? மாடு வைத்திருப்பவர்கள் வீட்டுக்கென்று தினமும் எவ்வளவு பால் எடுத்து வைக்கிறார்கள்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது கொண்டு வாருங்கள், சேர்ந்து பேசுவோம்.

நாளைக் காலை கேனை மூடுவதற்கு முன், அரை லிட்டரை எடுத்து வையுங்கள், சகோதரிகளே!